பினியாஸ் கேஜ் சரிதம்

மாந்தர்க்கு அமைந்த குணம் உயிரின்பாற்பட்டதோ, உடலின்பாற்பட்டதோ என்னும் வினா பண்டுதொட்டு அறிஞர் உள்ளத்தை அலைத்து வருவதொன்று. நூல் ஒன்றும் இயற்றாது, தம் வாழ்க்கையாலேயே அதற்கு ஒருவாறு விடை பகர்ந்தவர் பினியாஸ் கேஜ் என்னும் அமெரிக்கத் தொழிலாளர். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1823-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இருப்புப்பாதை வேலையில் மேஸ்திரியாய் உயர்ந்தார். உடல் வலிமையும், எடுத்ததை முடிக்கும் திண்மையும், நிதானமும் ஒருங்கே வாய்ந்தவரென முதலாளிமார் இவரைப் பெரிதும் மதித்தனர்.

1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆந் தேதி, வெர்மான்ட் மாகாணத்துக் கேவண்டிஷ் என்னும் ஊரருகே பாறை பிளக்குங்கால், துளையிலிட்ட வெடிமருந்தை இவர் இருப்புக்கோலால் இடிக்கையில் பொறி பறந்து மருந்து வெடித்தது. மூன்றரை அடிக்கு மேற்பட்ட நீளமும், 13 ராத்தலுக்கு மேற்பட்ட நிறையுமுடைய அக்கோல், இடக் கன்ன எலும்பின் கீழே புகுந்து, மூளையின் முற்பகுதியைத் துளைத்து, உச்சிவழியே வெளிப்போந்து தொலைவில் வீழ்ந்தது. அவரோ சில நிமிடங்களிற் பேசினார். மாட்டுவண்டியில் நிமிர்ந்தமர்ந்து விடுதி சேர்ந்தார். ஹார்லோ என்னும் வைத்தியரின் பேணுதலால் பத்து வாரத்தில் வீடு திரும்பினார். இடக்கண் ஒளியிழந்ததேனும், பேச்சும் நினைவும் கைத்திறனும் அழிந்தில.

ஆயின் குணம் திரிந்தது. பொறுமை அகன்று சினமும் இழிசொல்லும் மிக்கன. திட்டங்கள் பல வகுப்பார், வகுத்தவுடன் கைவிடுவார். நண்பர்க்கு அயலாராய்த் தோன்றினார். பழைய முதலாளிமாரும் மீண்டும் வேலை தர மறுத்தனர்.

இவ்வளவோடு சரிதத்தை முடிப்பார் பலர். அது நேர்மையன்று. 1852-இல் இவர் சிலி நாடு சென்று, வால்பரைசோவுக்கும் சாந்தியாகோவுக்கும் இடையே பல குதிரை பூட்டிய வண்டியை ஆண்டுகள் பல ஓட்டினார். குதிரைகளை அடக்கி நெடுவழி செலுத்துதல் நிதானமற்றவர்க்கு இயல்வதன்று. ஒழுங்கான தொழில் அவர் மனத்தை ஓரளவு சீர்ப்படுத்தியிருத்தல் கூடுமென இக்காலத்து அறிஞர் சிலர் கருதுவர். 1859-இல் உடல் நலிந்து, சான் பிரான்சிஸ்கோவிலிருந்த அன்னையாரிடம் வந்தார். வலிப்புநோய் மிக, 1860 மே 21-இல் தமது 36-ஆம் வயதில் உயிர் நீத்தார். அவர் மண்டையோடும் அக்கோலும் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் பொருட்காட்சிசாலையிற் சேர்ந்தன.

உணர்ச்சியை அடக்குதற்கும், பின்விளைவை எண்ணித் துணிதற்கும் மூளையின் முற்பகுதி இன்றியமையாததென்பது இன்று தெளிந்த உண்மை. அறிவு குன்றாதிருக்கவும் துணிவு பிழைபடல் உண்டு. ஆதலின் தலையிற் காயமுற்று இயல்பு மாறினாரைக் காணுங்கால், தீயோரென விரைந்து இகழாதிருப்போமாக. அவர்க்கேற்ற தொழிலும் ஆதரவும் அளிக்க முந்துவோமாக.