எர்னெஸ்ட் எவரெட் ஜஸ்ட்

எர்னெஸ்ட் எவரெட் ஜஸ்ட் (ஆகஸ்ட் 14, 1883 - அக்டோபர் 27, 1941) ஓர் அமெரிக்க உயிரியலாளர். கடல்வாழ் உயிரினங்களின் முட்டைகளில் கருக்கட்டலின்போதும் அதையடுத்தும் நிகழும் மாற்றங்களை ஆராய்ந்தவர். ஆப்பிரிக்க அமெரிக்கரான இவருக்கு, நிறப்பாகுபாடு காரணமாகத் தம் நாட்டின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் எதிலும் பணி கிடைக்கவில்லை.

வாழ்க்கை

தென் கரோலினா மாநிலத்தின் சார்ள்ஸ்டன் நகரில் பிறந்தார். சிறு வயதில் தந்தையை இழந்தார். 1907-இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, கறுப்பின மாணவர்கள் பயின்ற வாஷிங்டன் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1909 முதல் ஏறத்தாழ இருபது கோடைகாலங்கள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் ஆய்வு செய்தார். 1915-இல் முதலாவது ஸ்பிங்கார்ன் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் கிடைத்தது.

ஆய்வுகள்

1912-இல் வெளியான இவரது கட்டுரை நெரெய்ஸ் என்னும் கடற்புழுவின் முட்டையைப் பற்றியது. கருக்கட்டிய முட்டை முதன்முதலில் இரண்டாகப் பிளவுறும் தளம், விந்தணு நுழைந்த இடத்தின் வழியாகவே செல்கிறது என்று அதில் காட்டினார். எனவே விந்தணு நுழையும் இடத்துக்கும் கருவின் முதற் பிளவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது தெளிவாயிற்று.

அடுத்து மணல் டாலர் எனப்படும் தட்டையான கடலுயிரியின் முட்டைகளை ஆராய்ந்தார். விந்தணு முட்டையை அடைந்ததும், அவ்விடத்திலிருந்து ஒரு மாற்றம் அலைபோல முட்டையின் மேற்பரப்பு முழுவதும் பரவுகிறது. அதன் பின்னரே கருக்கட்டல் சவ்வு மேலெழுகிறது. சவ்வு எழுவதற்கு முன்பே பிற விந்தணுக்கள் நுழைய இயலாத நிலை ஏற்பட்டுவிடுகிறது என்பதை இவர் கண்டறிந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட விந்தணுக்கள் நுழைந்தால் கருவளர்ச்சி சீர்குலையும் என்பதால் இத்தடை இன்றியமையாதது. இவ்விரைவுத் தடையில் முட்டைச் சவ்வின் மின்னழுத்த மாற்றத்துக்குப் பங்குண்டு என்பது கடல் முள்ளெலி முட்டைகளில் 1976-இல் நிறுவப்பட்டது.

முட்டைகளைக் கையாள்வதில் ஜஸ்ட் மிகுந்த கண்டிப்புடையவர். பாத்திரத்தின் தூய்மை, நீரின் வெப்பநிலை ஆகியவற்றில் சிறு பிழை நேர்ந்தாலும் முடிவு மாறிவிடும் என்பதை வலியுறுத்தினார். நலிந்த முட்டைகளைக் கொண்டு செய்யப்பட்ட பிறர் சோதனைகளை அவர் ஏற்கவில்லை. இதனால் பகையும் தேடிக்கொண்டார்.

ஐரோப்பாவில்

1929-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வகத்துக்கும், 1930-இல் பெர்லின் கைசர் வில்லெம் உயிரியல் நிறுவனத்துக்கும் சென்றார். தாயகத்தில் கிடைக்காத மதிப்பு அங்கு கிடைத்தது. 1933-இல் நாட்சிகள் ஆட்சிக்கு வரவே, அதன்பின் பிரான்சில் ஆய்வைத் தொடர்ந்தார். உயிரணுவின் மேற்பரப்பு குறித்த இவரது முதன்மை நூல் 1939-இல் வெளிவந்தது. மேற்பரப்பின் பங்கை வலியுறுத்தும் முயற்சியில் மரபணுக்களின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டது அந்நூலின் குறையாகும்.

1940-இல் செருமானியப் படைகள் பிரான்சைக் கைப்பற்றியபோது முகாமொன்றில் அடைக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டு அமெரிக்கா திரும்பினார். மறு ஆண்டு கணையப் புற்றுநோயால் வாஷிங்டனில் காலமானார். 1996-இல் அமெரிக்க அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.