கிருமிகளைத் துப்பறிந்த ரெபெக்கா

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். குவைத் விரிகுடாவில் மடவை மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கின. ஒன்றிரண்டு அல்ல, அக்டோபருக்குள் 2,000 டன்னுக்கும் மேல்! அதே சமயம், அங்கே வளர்ப்புக் கூண்டுகளில் இருந்த மீன்களும் இறந்தன. கடலில் தானாகத் திரிந்த மீன், மனிதர் வளர்த்த மீன் இரண்டையும் சோதித்தார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா இருந்தது. அதில் 'பி' பிரிவு.

அந்த 'பி' என்ற எழுத்தைச் சூட்டியவர் ஒரு பெண் விஞ்ஞானி. பெயர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு.

ரெபெக்கா 1895 ஜனவரி 5ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க்கில், ஸ்டேட்டன் தீவில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. வெல்லெஸ்லி கல்லூரியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் படிக்கத்தான் ரெபெக்கா சேர்ந்தார். அறைத்தோழி படித்த விலங்கியல் பாடத்தைப் பார்த்ததும் மனம் மாறி, தானும் விலங்கியலுக்கு வந்துவிட்டார். படிப்பு முடிந்ததும் ஒரு பெண்கள் பள்ளியில் ஓராண்டு கணக்கும் அறிவியலும் கற்பித்தார். நானும் ஆசிரியராக இருந்தவன். அந்த ஓராண்டைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை!

1918இல் நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது முதல் உலகப் போர் நடந்த காலம். டெக்சாஸ் ராணுவ முகாம்களில் தட்டம்மை பரவியது. தட்டம்மையோடு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் சேர்ந்துகொண்டு பல வீரர்களின் உயிரைப் பறித்தது. அந்தக் கிருமிகளெல்லாம் ஒரே வகைதான் என்று அப்போது பலரும் நினைத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, மணிகளைக் கோத்த மாலை போலத்தானே தெரிகின்றன! முகாம்களிலிருந்து வந்த 125 மாதிரிகளை ரெபெக்காவும் அவருடைய மூத்த விஞ்ஞானிகளும் ஆராய்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை நான்கு வெவ்வேறு வகைகளாகப் பிரிந்தன.

எப்படிப் பிரித்தார்கள்? ஒரு கிருமியை முயலுக்கு ஊசி மூலம் செலுத்தினால், அதை எதிர்க்கும் பொருள் முயலின் ரத்தத்தில் உண்டாகும். அந்த ரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிந்த நீரை எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிற்காலத்தில் ரெபெக்கா இந்த முறையை மேலும் செம்மைப்படுத்தினார். புதிதாக வந்த கிருமியை நீர்த்த அமிலத்தில் சூடாக்கிச் சாறு எடுப்பார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் சாற்றையும் சீரத்தையும் சேர்ப்பார். இரண்டும் பொருந்தினால் கலங்கி வெண்மையாகப் படியும். பொருந்தாவிட்டால் தெளிவாகவே இருக்கும். அவ்வளவுதான். ஆனால் ஆயிரக்கணக்கான முறை பொறுமையாகச் செய்ய வேண்டும்.

போர் முடிந்ததும் அந்த ஆய்வுக்குப் பணம் இல்லாமல் போனது. ரெபெக்கா வேறு வேலைக்குப் போனார். கணவர் டொனால்டுடன் ஓரிகானுக்குச் சென்று அங்கும் கற்பித்தார். 1922இல் நியூயார்க் திரும்பி, மீண்டும் அதே கிருமியைக் கையில் எடுத்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் விடவே இல்லை.

1933இல் அவர் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. மனிதர்களின் நோயிலிருந்து எடுத்தவற்றை 'ஏ' என்றும், மாடுகளிடமிருந்து எடுத்தவற்றை 'பி' என்றும் பிரித்தார். பாலாடைக்கட்டியிலிருந்து வந்ததற்குக்கூட 'டி' என்று ஓர் எழுத்து! அடுத்த ஆண்டுகளில் 'பி'யையும் உள்வகைகளாகப் பிரித்தார். முதல் வகைக்குள்ளேயே இரண்டு இருப்பதை 1938இல் காட்டினார். அவை ஒன்று-ஏ, ஒன்று-பி.

இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்திலிருந்து கிருமிகள் அவரிடம் வந்து குவிந்தன. அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு ஸ்காட்லாந்து யார்டு என்றே செல்லப்பெயர் வந்துவிட்டது. லண்டன் துப்பறியும் போலீசின் பெயர் அது. இவ்வளவு செய்தும் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தபோது ஆண்டு 1958. அவருக்கு வயது 63! தாமதம்தான், சந்தேகமே இல்லை. 1981 மார்ச் 3ஆம் தேதி அவர் காலமானார்.

இப்போது கிருமியின் மரபணுக்களையே படித்து, உள்வகைகளை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து எண் கொடுக்கிறார்கள். 2015இல் சிங்கப்பூரில் நல்ல உடல்நலத்துடன் இருந்தவர்கள்கூட மூளைக்காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 'பி' பிரிவில் 283 என்ற எண் கொண்ட வகைதான் காரணம். வளர்ப்பு நன்னீர் மீனைச் சமைக்காமல் சாப்பிட்டதால் அது வந்திருந்தது. பச்சை மீன் உணவுகளில் நன்னீர் மீனைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் அரசு தடை போட்டது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலிலும் 2007 முதல் 2011 வரை 96 ராட்சதக் களவா மீன்கள் செத்துக் கிடந்தன. ஒரு மீன் ஓர் ஆளை விடப் பெரிதாக வளரக்கூடிய இனம் அது. யாரும் வளர்க்காத, கடலில் திரிந்த மீன்கள். அவற்றிலிருந்து எடுத்த கிருமி 'பி' பிரிவு. அதிலும், 1938இல் ரெபெக்கா தனியே பிரித்து வைத்த ஒன்று-பி.