இருளைத் தேடிய பெருந்தகை

ஒளியை விரும்புவது மக்கள் இயல்பு. திருவிழா என்றால் தெருவெங்கும் விளக்கு. திருமணம் என்றால் பந்தலெங்கும் விளக்கு. அறிவை ஒளி என்றும் அறியாமையை இருள் என்றும் உவமித்துப் பழகியவர்கள் நாம். அத்தகைய நம்மிடையே, அறிவைப் பெறும் பொருட்டே இருளைத் தேடி மலை மலையாக அலைந்த அறிஞர் ஒருவர் வாழ்ந்தார். அவர்தாம் இக்கால இந்திய வானியலின் தந்தை எனப் பலராலும் போற்றப்பெறும் மணாலி கல்லாட்டு வைணு பாப்பு.

மட்டாஞ்சேரிப் படகுத் துறையில் நின்று இரவில் அண்ணாந்து பார்க்கும் நம் மாணவ நண்பர்களுக்கு, இருளைத் தேடவேண்டிய தேவை என்ன என்பது சொல்லாமலே விளங்கும். எதிரே வெல்லிங்டன் தீவின் துறைமுக விளக்குகள். அதற்கப்பால் எர்ணாகுளத்து மாடங்களின் விளக்குகள். அவ்வொளி காற்றிலுள்ள ஈரத்திலும் தூசியிலும் பட்டுச் சிதறி, வானத்தையே சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. விரல்விட்டு எண்ணத்தக்க சில விண்மீன்களே கண்ணுக்குத் தெரிகின்றன. பால்வீதி என்ற ஒன்று தலைக்கு மேல் உண்டு என்பதைப் புத்தகத்தில் படித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. இன்று கேமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு இருண்ட ஊர்களைத் தேடிச் செல்லும் இளைஞர் பலர் நம் வளாகத்திலும் உளர். அவர்கள் செல்லும் வழியில் முன் நடந்தவர் பாப்பு.

பாப்புவின் முன்னோர் வட மலபாரைச் சேர்ந்தவர்கள். கொச்சியிலிருந்து கடற்கரை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் வரும் தலைச்சேரி, கண்ணூர்ப் பகுதியே அவர்களுடைய பூர்விகம். பாப்பு பிறந்ததோ சென்னையில், 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள். வளர்ந்தது ஐதராபாத்தில். தந்தையார் அங்கே நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பத்துப் பிள்ளை அவர். தலைமுறைகளுக்கு முன் இங்குக் கொண்டுவரப்பட்டு, வெளியில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களை அறிந்த நமக்கு, பிறந்த மண் ஒன்றும் வளர்ந்த மண் ஒன்றுமாக வாழ்வது புதிதன்று.

நிசாமியா வானாய்வகம் 1901ஆம் ஆண்டில் தோன்றியது. வான் முழுவதையும் பங்கிட்டுக்கொண்டு நிழற்படம் எடுப்பதென உலக நாடுகள் பலவற்றின் வானாய்வகங்கள் கூடி மேற்கொண்ட பெருமுயற்சியில், ஐதராபாத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அக்காலத்தில் இப்பணிக்குப் பயன்பட்டவை படச்சுருள்கள் அல்ல, கண்ணாடித் தட்டுகளே. வெள்ளி உப்புப் பூசிய தட்டைத் தொலைநோக்கியின் பின்னே பொருத்தி, நெடுநேரம் ஒளி படவைத்து, பிறகு இருட்டறையில் கழுவி எடுப்பார்கள். புவி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் நகர்வதுபோல் தோன்றும். அந்நகர்வுக்கு ஈடாகத் தொலைநோக்கியும் நகர வேண்டும். சற்றே பிசகினாலும் புள்ளியாக விழவேண்டிய மீன் கோடாக விழுந்துவிடும். இத்தகைய பொறுமைத் தொழில் நடந்த இடத்தின் அருகே வளர்ந்த சிறுவன் வானத்தின்மீது காதல் கொண்டதில் வியப்பில்லை. நிசாம் கல்லூரியில் பயிலும்போதே, ஒளி மாறும் விண்மீன்களைக் கணித்துக் கட்டுரை எழுதினார் பாப்பு.

பின்னர் ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று, 1949ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். சென்ற சில திங்களுக்குள்ளேயே அவர் பெயர் உலகுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் தொடக்கத்தில், தாம் எடுத்த வான் படத் தட்டு ஒன்றை ஆராய்ந்தபோது, அதில் இருக்கவேண்டாத ஒன்று இருப்பதைக் கண்டார். அது ஒரு புதிய வால்மீன். ஆசிரியர் பார்ட் போக்கும், உடன் பயின்ற கார்டன் நியூகர்க்கும் அதனை உறுதி செய்வதில் துணைநின்றனர். பாப்பு–போக்–நியூகர்க் என மூவர் பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. பசிபிக் வானியல் கழகம் அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. நம்முள் முதுகலை பயிலும் பலரினும் இளையவர்.

1952இல் முனைவர் பட்டம் பெற்றார். கார்னகி நிறுவனத்தின் ஆய்வு நல்கையால், கலிபோர்னியாவின் வில்சன் மலை, பாலோமர் மலை வானாய்வகங்களில் பணியாற்றும் வாய்ப்பும் கிட்டியது. பாலோமரில் இருந்த 200 அங்குலத் தொலைநோக்கியே அன்று உலகில் பெரியது. அங்கே ஒலின் வில்சன் என்பாருடன் சேர்ந்து அவர் கண்ட உண்மை, இன்றும் பாடநூல்களில் வில்சன்–பாப்பு விளைவு என்ற பெயரால் விளங்குகிறது.

அஃது யாதெனக் கூறுவோம். இரவில் நம் துறையிலிருந்து கடலைப் பார்க்கும்போது ஒரு விளக்கொளி தெரிகிறது. அஃது அருகிலுள்ள தோணியின் சிறு விளக்கா, தொலைவிலுள்ள கப்பலின் பெருவிளக்கா என்று கண் அறியாது. விண்மீன்களைப் பொறுத்தும் இதே இடர்ப்பாடு உண்டு. மீனின் உண்மை ஒளியளவு தெரிந்தால்தான் அதன் தொலைவைக் கணிக்க முடியும். மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கால்சியம் தனிமத்துக்குரிய கருங்கோடு ஒன்று தோன்றும். வெப்பம் குறைந்த மீன்கள் பலவற்றில், அக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று இருக்கும். அக்கீற்று எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு மீனின் உண்மை ஒளியும் மிகுதி என்பதை இருவரும் கண்டு, 1957இல் வெளியிட்டனர். கீற்றின் அகலத்தை அளந்தாற் போதும். விளக்கு சிறிதா பெரிதா என்று தெரிந்துவிடும். தொலைவும் அதனால் புலப்படும்.

இத்தகைய புகழும் உலகின் தலைசிறந்த கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பாப்பு 1953இல் தாயகம் திரும்பினார். இங்கே அவருக்காக எந்தப் பெருங்கருவியும் காத்திருக்கவில்லை. உத்தரப் பிரதேச அரசு காசியில் புதிதாகத் தொடங்கிய வானாய்வகத்தின் பொறுப்பை 1954இல் ஏற்றார். காசியின் புழுதியும் விளக்கொளியும் வானாய்வுக்கு ஏலாதவை என்று கண்டு, அதனை இமயமலைச் சாரலிலுள்ள நைனிடாலுக்கு மாற்றச் செய்தார். அதுவே இருளைத் தேடி அவர் நாடகத்துக்குள் நிகழ்த்திய முதற் பயணம் எனலாம்.

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். வயது முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை. 1899இல் நிறுவப்பெற்ற அவ்வானாய்வகம் கதிரவனை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றது. கதிரவனுக்கு ஏற்ற இடம் விண்மீனுக்கும் ஏற்றதாகும் என்பதில்லை. கொடைக்கானலின் இரவுகளில் மேகமும் மூடுபனியும் மிகுதி. மீன்களை ஆராய வேறோர் இடம் வேண்டும் என்று உணர்ந்தார் பாப்பு. தென்னாட்டின் மலைகள் பலவற்றை அவரும் உடன் பணிபுரிந்தோரும் ஆராயத் தொடங்கினர்.

வான் பார்க்கும் இடத்துக்கு இருள் மட்டும் போதாது. மேகமற்ற இரவுகள் ஆண்டில் பல வேண்டும். காற்று அலைவின்றி அமைதியாக இருக்க வேண்டும். இல்லையேல் மீன்கள் துடித்துப் படம் மங்கிவிடும். தெற்கே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு தென்வானம் தெரியும். இவற்றையெல்லாம் சீர்தூக்கி, இறுதியில் சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூரைத் தேர்ந்தார். சந்தன மரக் காடுகள் சூழ்ந்த அவ்வூர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்று திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்கு மலைத் தொடர் மறைத்துக்கொள்வதால் தென்மேற்குப் பருவமழையின் கடுமை அங்குக் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையளவிலேயே இருப்பதால், ஐரோப்பாவின் வானாய்வகங்கள் என்றுமே காணமுடியாத தென் சிலுவை மீன்கூட்டம் அங்கே தெளிவாக எழுகிறது.

1968இல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றுடன் காவலூர் வானாய்வகம் பணி தொடங்கியது. அக்கருவி அயல்நாட்டிலிருந்து வந்ததன்று. கொடைக்கானலில் நம்மவர் கையாலேயே செய்யப்பெற்றது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தார் செய்த ஒரு மீட்டர்த் தொலைநோக்கி நிறுவப்பட்டது. முன்னதைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்கு ஒளியைத் திரட்ட வல்லது அது. மனிதக் கண்ணோடு ஒப்பிட்டால் இருபதாயிரம் மடங்கு!

தேர்ந்த இடத்தின் அருமை விரைவிலேயே விளங்கியது. அதே 1972 ஜூனில், வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. அதனைக் காவலூரிலும் இந்தோனேசியாவிலும் நோக்கியவர்கள், கானிமீடைச் சுற்றி மெல்லிய வளிப்படலம் இருப்பதற்கான அறிகுறியைக் கண்டனர். அப்படலம் அவர்கள் கணித்ததினும் மிக மிக மெல்லியது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. 1977 மார்ச்சு 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு மீனை மறைக்கும் வேளையில், அமெரிக்கர் விமானத்தில் பறந்து ஆராய்ந்தனர். காவலூரில் இருந்தவர்களோ மலையிலிருந்தே நோக்கினர். மீன் இடையிடையே மங்கியதை இரு சாராரும் தனித்தனியே பதிவு செய்தனர். யுரேனசுக்கும் வளையங்கள் உண்டு என்பது அன்றுதான் உலகுக்குத் தெரியவந்தது.

இதற்கிடையே, 1971இல் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்ற அமைப்பாயிற்று. பாப்பு அதன் முதல் இயக்குநர். 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றை நம் நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பது அவருடைய பெருங்கனவு. வடிவமைப்பு நம்மவருடையது. ஆடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில். தாங்கும் பொறியமைப்பைச் செய்தது வால்சந்நகர்த் தொழிற்சாலை. விலைகொடுத்து வாங்கினால் கருவி மட்டுமே வரும். தாமே செய்தால் செய்யத் தெரிந்த மக்களும் உருவாவர் என்பது அவர் கொண்ட கொள்கை.

1979இல் உலக வானியலாளர் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1982 ஆகஸ்டில் கிரீசு நாட்டில் ஒன்றியத்தின் பேரவை கூடியது. தலைமை தாங்க வேண்டியவரோ ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவை சிகிச்சைக்கு உட்பட்டிருந்தார். பேரவை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு 19ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து. தாம் கனவு கண்ட தொலைநோக்கியின் வழியே ஒரு மீனையேனும் அவர் காணவில்லை. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் இராஜீவ் காந்தி அதனை நாட்டுக்கு அர்ப்பணித்து, வைணு பாப்பு தொலைநோக்கி என்று பெயர் சூட்டினார். காவலூர் வானாய்வகமும் அவர் பெயரைத் தாங்கியது. 2016இல் நைனிடாலுக்கு அருகே தேவஸ்தலத்தில் 3.6 மீட்டர்த் தொலைநோக்கி வரும்வரை, இந்தியாவின் பெருங்கண்ணாக விளங்கியது அதுவே. 1988இல் காவலூரில் எடுத்த படத் தட்டுகளில் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு, நம் கணித மேதை இராமானுசன் பெயர் இடப்பட்டது தமிழர்க்குப் பெருமை தருவதாகும்.

ஆயினும், கருவியைச் செய்யலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். இருளைச் செய்யவும் முடியாது, வாங்கவும் முடியாது. அணையாத விளக்குகள் பெருகப் பெருக அது குறைந்துகொண்டே போகிறது. பாப்புவின் வழிவந்தோர் இலடாக்கில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹன்லேக்குச் செல்ல நேர்ந்ததற்கு இருளும் ஒரு காரணம். அங்கே 2022இல் இரவு வானத்துக்கென்றே ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஊர் மக்களே விளக்குகளுக்கு மறைப்பு இட்டும், சன்னல்களுக்குத் திரை இட்டும் இருளைக் காக்கின்றனர். வானம் பார்க்க வருவோர்க்கு விருந்தோம்புவதால் அவர்களுக்கு வருவாயும் உண்டு. இருளைக் காப்பது வளர்ச்சிக்குப் பகையன்று என்பதற்கு அவ்வூரே சான்று.

ஹன்லே நமக்கு எட்டாத தொலைவாயிருக்கலாம். பாப்பு இடம் தேர்ந்த முறையை நாமும் பின்பற்றினால், விடை அருகிலேயே கிடைக்கும். மேற்கு மலையின் மழை மறைவுப் பகுதி, சந்தனக் காடு, சிற்றூர் என்ற காவலூரின் அடையாளங்கள் அனைத்தும், மூணாற்றுக்கு அப்பாலுள்ள மறையூருக்கும் பொருந்துகின்றன. அங்கும் பக்கத்துக் காந்தல்லூரிலும் தமிழ் பேசும் மக்களே நிறைந்துள்ளனர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரி, பிப்ரவரித் திங்களின் அமாவாசையை ஒட்டிச் செல்லலாம். யானை நடமாடும் காட்டுக்குள் நுழையாமல், தங்குமிடத்து மாடியிலேயே முக்காலியை நிறுத்துக. கண் இருளுக்குப் பழக அரை மணி நேரமாகும். அதுவரை கைப்பேசியைத் திறவாதீர். வெளிச்சம் வேண்டுமாயின் சிவப்பு விளக்குப் போதும். பழைய 35 மில்லிமீட்டர்ப் படச்சுருளின் அளவுள்ள உணர்கருவி கொண்ட கேமராவில், 24 மில்லிமீட்டர் வில்லை என்றால் இருபது விநாடியும், 50 மில்லிமீட்டர் என்றால் பத்து விநாடியும் திறந்து வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால், நிசாமியாவின் கண்ணாடித் தட்டுகளில் போலவே, நம் படத்திலும் மீன்கள் கோடாகிவிடும்.

நம் சங்கம் இவ்வாண்டு அத்தகைய பயணம் ஒன்றை மேற்கொள்ளலாகாதா? படம் நன்றாக அமைந்தால் மகிழ்ச்சி. அமையாவிடினும், திரும்பி வந்தபின் நம் விடுதி மாடியில் வீணே எரியும் விளக்கு ஒன்றையேனும் அணைப்போமாயின், வைணு பாப்புவுக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.