சாமுவேல் சிலேட்டர்

அமெரிக்க நாட்டின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பாட்டக்கெட் என்னும் நகரம் உளது. அந்நகரில், பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில், மரத்தாலான பழைய ஆலைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதற்குச் சிலேட்டர் ஆலை என்பது பெயர். அப்பெயர்க்குரியவர் சாமுவேல் சிலேட்டர் ஆவார்.

அவர் 1768ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெல்பர் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், ஜெடிடையா ஸ்ட்ரட் என்பாருடைய நூற்பாலையில் தொழில் பயிலச் சேர்ந்தார். அங்கே ஆர்க்ரைட் அமைத்த முறையில், நீரின் விசையால் நூற்பு எந்திரங்கள் இயங்கின. சிலேட்டர் இட்ட பணியைச் செய்ததோடு அமையாது, எந்திரங்களின் உறுப்புகளையும் அவை இயங்கும் முறையையும் நுணுகிக் கற்றார்.

அக்காலத்தில் நூற்பு எந்திரங்களையோ அவற்றின் வரைபடங்களையோ பிறநாட்டிற்குக் கொண்டு செல்லலாகாது என்றும், அத்தொழிலில் வல்லவர் நாட்டை விட்டு நீங்கலாகாது என்றும் இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. அமெரிக்காவிலோ அத்தகைய எந்திரங்களைச் செம்மையாக அமைக்க வல்லார் இலர். 1789ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், சிலேட்டர் எவரும் அறியாவண்ணம் கப்பலேறினார். அவர் வரைபடம் எதனையும் எடுத்துச் செல்லவில்லை. கற்றவை யாவும் நெஞ்சில் இருந்தன.

மோசஸ் பிரௌன் என்னும் வணிகர் அவரைப் பாட்டக்கெட்டிற்கு வரவழைத்தார். அங்கிருந்த எந்திரங்கள் பயன்படா எனக் கண்ட சிலேட்டர், தச்சர், கொல்லர் துணைகொண்டு, நினைவிலிருந்தே புதியன சமைத்தார். 1790ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அவை இயங்கத் தொடங்கின. முன்னர்க் கூறிய ஆலை 1793இல் எழுந்தது.

அமெரிக்கர் அவரைத் தங்கள் நாட்டுத் தொழில்துறையின் தந்தை எனப் புகழ்ந்தனர்; பிறந்த ஊரினர் துரோகி எனப் பழித்தனர். மாணவர்களே, இன்னொன்றும் நாம் எண்ண வேண்டும். அவருடைய எந்திரங்களில் முதன்முதலில் வேலை செய்தோர் 7 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரே. அவர்கள் எழுத்தறிவு பெற ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்றை அவர் நடத்தினார். ஏனைய ஆறு நாட்களும் ஆலைக்கே உரியவாயின.

சிலேட்டர் 1835இல் மறைந்தார். அவ்வாலை 1955இல் காட்சியகமாயிற்று. அதனைக் காண்போர் ஒருவருடைய கூரிய கல்வியை வியப்பர். கல்வி பெறாது அங்கு உழைத்த சிறுவரையும் மறவார்.