படிக்கு ஒரு பாட்டு!

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்து மக்களுக்குத் திருத்தணி மலை அடுத்த வீடு மாதிரி. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் போதும். குடும்பம் குடும்பமாகக் காவடி எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள்.

அந்த மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது கணக்கு. அந்தப் படிகளில் கூட்டமாக, ஆனால் அவசரமில்லாமல் ஏற வழி காட்டியவர் யார் தெரியுமா? ஒரு சமையற்காரர்!

அவர்தான் வள்ளிமலை சுவாமிகள்.

அரண்மனைச் சமையல்

சுவாமிகள் 1870ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் அர்த்தநாரி. அவருக்குப் பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. பிழைப்புத் தேடி மைசூருக்குப் போனார். அரண்மனையில் சமையல் வேலை கிடைத்தது.

வேலை இருந்தது, நிம்மதி இல்லை. பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தார். தீராத வயிற்று வலி வேறு வாட்டியது. 1908ஆம் ஆண்டு பழனிக்கு வந்தார். அங்கே வலி நீங்கியது. முருகன் அருளால் பிழைத்தோம் என்று நம்பினார்.

பழனியில் ஒரு நாள் அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாட்டு அவர் காதில் விழுந்தது. மனம் உருகிவிட்டது. அத்தனை பாட்டுகளையும் படித்துவிட ஆசை. ஆனால் எழுத்துத் தெரியாதே!

அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் என்ன படிப்பு என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. அனா, ஆவன்னாவிலிருந்து தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். பாட்டுகளை நெஞ்சில் ஏற்றினார்.

பிறகு திருவண்ணாமலை சென்றார். ரமண மகரிஷியையும் சேஷாத்திரி சுவாமிகளையும் தரிசித்தார். துறவு பூண்டு சச்சிதானந்தர் ஆனார். கடைசியில் வள்ளிமலையில் தங்கினார்.

புத்தாண்டில் புது வழி

அது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். ஜனவரி முதல் தேதி வந்தால், பழமும் மாலையும் எடுத்துக்கொண்டு துரைமார் வீட்டு வாசலில் காத்து நிற்பது பலருடைய வழக்கம். சுவாமிகளுக்கு அது பிடிக்கவில்லை. முதல் வணக்கம் தணிகைமலை முருகனுக்கே என்று முடிவு செய்தார்.

1917ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி திருத்தணிப் படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தார். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம். படிக்கு ஒரு திருப்புகழ்! இன்றும் ஆண்டுதோறும் அந்த விழா நடக்கிறது.

1950ஆம் ஆண்டு சுவாமிகள் மறைந்தார். அவர் சமாதி வள்ளிமலையிலேயே இருக்கிறது.

நின்று ஏறினால் நன்மை

படிக்கு ஒரு பாட்டு என்றால் என்ன பொருள்? ஒவ்வொரு படியிலும் நிற்க வேண்டும். மூச்சு வாங்காது. முன்னால் போகிறவரை இடிக்கத் தோன்றாது. பக்தியோடு பாதுகாப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

அவசரம் எவ்வளவு பொல்லாதது! 2011ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி சபரிமலைக்கு அருகே புல்மேட்டில் ஏற்பட்ட நெரிசலில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். நெரிசலில் ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அவர் தள்ளிக்கொண்டே வருவார். விழுந்தவர் மேல் மற்றவர் விழுவார். மலைச் சரிவில் இது இன்னும் ஆபத்து.

ஆகவே, மலை ஏறுகிறவர்கள் சிலவற்றை மறக்கக் கூடாது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். களைப்பு வந்தால் நடுப் படியில் உட்காராமல், ஓரமாக ஒதுங்குங்கள். உச்சி வெயிலில் கல் சுடும். காலையிலோ மாலையிலோ ஏறுங்கள். எண்ணெயும் மழையும் பட்ட படி வழுக்கும்; பார்த்துக் கால் வையுங்கள். கற்பூரம் எரியும் இடத்தில் புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். நெஞ்சு வலிக்காரர்களும் முதியவர்களும் படி ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. திருத்தணியில் மேலே போக வண்டிப் பாதை உண்டு.

குடித்த தண்ணீர்ப் பாட்டிலையும் தின்ற பழத்தின் தோலையும் படியில் போடாதீர்கள். மஞ்சள் பூசிக் கும்பிடும் படி அல்லவா அது!

நாற்பது வயதில் எழுத்துக் கூட்டியவர் சுவாமிகள். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். ஒவ்வொரு படியாக ஏறினார். மெல்லப் போகிறவர் பின்தங்குவதில்லை. பத்திரமாகப் போய்ச் சேருகிறார்!