சாவித்திரியின் முழுக் கதை

கியா பார்மில் என் பாட்டி 'பாசமலர்' என்றாலே கண் கலங்குவார். மறுகணமே, சாவித்திரி மதுவால் அழிந்த கதையைச் சொல்லி எங்களை எச்சரிப்பார். ஆனால், அவர் பெண் இயக்குநர்கள் அரிதாக இருந்த காலத்தில், 1968-ஆம் ஆண்டு 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தை இயக்கியவர். 1971-இல் தயாரித்து இயக்கிய 'பிராப்தம்' தோல்வியடைந்தது. கடன், மது, நோய் எல்லாம் அவரை வாட்டின. 19 மாதங்கள் கோமாவில் கிடந்து, 26.12.1981 அன்று சென்னையில் காலமானார்.

அவர் வாழ்க்கையைச் சொல்லும் 'நடிகையர் திலகம்' 2018-இல் வெளிவந்தது. அதன் நாயகி கீர்த்தி சுரேஷ் தேசிய விருது பெற்றார். மாணவர்களே, சாவித்திரியின் வீழ்ச்சியிலிருந்து எச்சரிக்கை பெறுவோம். இயக்குநராகத் துணிந்த அவர் திறமையையும் மறவாதிருப்போம்.