குளிரைக் காத்த குடுவை

சனிக்கிழமைதோறும் பெற்றோர் எமது தமிழ்ப் பாடசாலைக்குக் கொண்டுவரும் சுடுநீர்ப் போத்தலை மாணவர் அனைவரும் அறிவர். ஆயினும், அது முதலில் தேநீருக்காக ஆக்கப்பட்டதன்று என்பதை அறிந்தோர் சிலரே. அதனை ஆக்கிய சேர் ஜேம்ஸ் டிவாரின் வரலாற்றை இங்கு சுருக்கமாகக் கூறுவோம்.

டிவார் 1842ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கின்கார்டின் என்னும் சிற்றூரில், விடுதி நடத்திய ஒருவரின் கடைசி மகனாகப் பிறந்தார். பத்து வயதில், பனிக்கட்டி உடைந்து குளிர்நீரில் வீழ்ந்தார். அதனால் வந்த வாதக் காய்ச்சல் அவரது நடையையும் படிப்பையும் நெடுங்காலம் தடுத்தது. அந்நாளில் ஊர்த் தச்சரிடம் வயலின் செய்யக் கற்றார். பிற்காலத்தில் நுண்ணிய கருவிகளைக் கையாளும் திறன் அப்பயிற்சியாலேயே வாய்த்தது என அவர் கருதினார். இளமையிலேயே தாய் தந்தையரையும் இழந்தார்.

எனினும் கல்வியைக் கைவிட்டாரல்லர். எடின்பரோவிற் பயின்று, 1875இல் கேம்பிரிட்ஜிலும் 1877இல் லண்டன் றோயல் நிறுவனத்திலும் பேராசிரியரானார். வாயுக்களைக் கடுங்குளிரில் திரவமாக்குவதே அவரது ஆய்வு. ஆனால் அத்திரவங்கள் சுற்றுப்புற வெப்பத்தால் விரைவில் கொதித்து மறைந்தன. இதற்கு மாற்றாக 1892இல் இரட்டைச் சுவர்க் குடுவையை அமைத்தார். சுவர்களிடையே உள்ள வெற்றிடம் வெப்பம் கடந்து வருவதைத் தடுத்தது. வெள்ளிப் பூச்சு வெப்பக் கதிரைத் திருப்பியனுப்பியது. 1898இல் ஐதரசனையும் திரவமாக்கினார். அதன் கொதிநிலை சைபருக்குக் கீழே 253 பாகை செல்சியஸ்.

அவரிடம் குறையும் இருந்தது. சக அறிஞருடன் அவர் இணங்கி நடந்தாரல்லர். ஈலியத்தைக் கண்டறிந்த ராம்சேயும் லண்டனிலேயே இருந்தார், இருவரும் கைகோத்தாரல்லர். 1908இல் நெதர்லாந்தின் கமர்லிங் ஒன்னெஸ் ஈலியத்தைத் திரவமாக்கினார். குடுவைக்குக் காப்புரிமை பெறாமையால் அதன் வணிகப் பயனும் ஜேர்மானிய நிறுவனமொன்றைச் சேர்ந்தது. 1923இல் டிவார் காலமானார்.

ஆயினும் அவரது எண்ணம் விண்ணுக்கும் சென்றது. 1991இல் ஏவப்பட்ட மேல் வளிமண்டல ஆராய்ச்சிச் செய்மதியில், ஓசோன் படலத்தைப் பாதிக்கும் வாயுக்களை ஆராயும் கருவியொன்று இருந்தது. அவ்வாயுக்கள் வெளிவிடும் வெப்பக் கதிர் மிகமிக மெல்லியது. கருவியே வெப்பமாயிருப்பின், ஆரவாரமுள்ள வீட்டில் இரகசியம் கேட்க முயல்வதுபோல் ஆகிவிடும். எனவே உறைந்த நியோனையும் உறைந்த காபனீரொட்சைட்டையும் வெற்றிடச் சுவருள்ள உலோகக் கலத்தில் அடைத்து அதனைக் குளிர்வித்தனர். அக்குளிர்பொருள் தீர்ந்த 1993 மே மாதம் வரை அக்கருவி பணியாற்றியது.

மாணவச் செல்வங்களே! உங்கள் பெற்றோருள் பலர் பள்ளிப்படிப்பு இடையில் முறிந்து இந்நாட்டுக்கு வந்தோர். ஆசிரியராகிய யாமும் எமது வகுப்பறையை விட்டு வந்தோமே. முடங்கிய காலத்திலும் கைகள் கற்கலாம் என்பதை டிவாரின் உயர்விலிருந்தும், ஒற்றுமையின்றேல் அறிவும் பின்தங்கும் என்பதை அவரது தோல்வியிலிருந்தும் கற்போமாக.